நல்லப்ப மச்சானின் மத்தியான முறை

சென்ற வாரம் மல்லசமுத்திரம் சந்தையில் மாட்டுக்குக் கயிறு வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வண்டிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஏனுங்க, இங்கிருக்கறீங்களா? நல்லப்பண்ணன் விடியக்காலம் போயிட்டாருங்க" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அதற்கு இரண்டு நாள் முன்புதான், நோயில் கிடந்த அவர் கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே எழுந்து வந்திருந்தேன். இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மனுஷன்? கயிற்றைக் கடையிலேயே போட்டுவிட்டு வண்டியேறினேன்.

நல்லப்பனை உங்களில் பலர் அறிவீர்கள். எனக்கு அவர் மச்சான் முறை. ஒரே கிணற்றில் ஆளுக்குப் பாதி எங்களுக்கு. காலையிலிருந்து உச்சி வரை நான் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பேன். உச்சிக்குப் பிறகு தண்ணீர் அவருடையது. கிணற்று மேட்டுக் கல்லின் நிழல், எங்கள் அப்பன்மார் தரையில் வெட்டிவைத்த கோட்டைத் தொட்டதும் நான் மாடுகளை அவிழ்ப்பேன், அவர் பூட்டுவார். கடிகாரம் எங்களிடம் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை.

திருச்செங்கோட்டில் மூன்றாம் பாரம் வரை சேர்ந்து படித்தோம். பிறகு இருவரும் ஏர் பிடித்தோம். படித்த இங்கிலீசை நான் நிம்மதியாக மறந்தேன். அவருக்கு அது முடியவில்லை. சங்ககிரியில் பழைய காகிதக் கடையிலிருந்து ஓர் அகராதியை வாங்கிவந்தார். முன்பாதி முழுக்கக் கிழிந்து போயிருந்தது. மிஞ்சிய தாள்களில் 'டர்ன்' என்ற ஒரே சொல் இரண்டு பக்கத்துக்குக் காலை நீட்டிப் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

"டர்ன்னா திரும்பறதுன்னுதானுங்க வாத்தியாரு சொன்னாரு? இங்க பாருங்க மாப்ளே. பாலு திரிஞ்சாலும் டர்னாமா. வயசு அம்பது ஆனாலும் டர்னாமா. நம்ம தண்ணி முறைகூட டர்னுதானுங்க" என்றார்.

அன்றிலிருந்து முறை மாறும்போதெல்லாம் ஒரு பிரயோகத்தோடு வந்து நிற்பார். நான் பொருள் சொல்ல வேண்டும். தவறினால் அவருக்காக இரண்டு சால் தண்ணீர் இறைத்துவிட்டுத்தான் மாட்டை அவிழ்க்க வேண்டும். 'டர்ன் அப்' என்றால் மேலே திரும்புவது என்றேன், வந்து சேர்வதாம். 'டர்ன் டவுன்' கீழே திரும்புவது என்றேன். மாட்டேன் என்று சொல்வதாம். 'டர்ன் இன்' என்றால் போய்ப் படுப்பதாம். அந்த வருஷம் அவர் காட்டுக்கு நான் இறைத்த தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. "வெள்ளைக்காரனுக்குச் சொல்லுப் பஞ்சமுங்க மாப்ளே. இருக்கற ஒரே வேட்டியத் தொவைச்சுத் தொவைச்சுக் கட்டிக்கறான்" என்பார். அப்படிச் சிரித்த நாட்கள் எங்களுக்கு நிறைய இருந்தன.

அப்புறம் மழை பொய்த்தது. கிணற்றில் ஊறியதே ஆளுக்கு நாலு பாத்தி நனைகிற அளவுதான். என் ராகி பால் பிடிக்கும் தறுவாயில் நின்றது. அவர் மிளகாய் நாற்று நட்டு நாலு நாள் ஆகியிருந்தது. அன்று பார்த்து வானம் மப்பு போட்டது. தூறல் ஒன்றும் இல்லை, வெயிலும் இல்லை. வெயில் இல்லாததால் கல்லுக்கு நிழலும் இல்லை.

அவர் மாடுகளோடு வந்து நின்றார். "மாப்ளே, உச்சி சாஞ்சிருச்சாட்டமிருக்குதுங்க" என்றார்.

"நெழலு விழுவட்டுங்க மச்சான்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் மாடுகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். சாலில் சேறு வரும்வரை நான் ஓட்டினேன். என் ராகி பிழைத்தது. அவர் நாற்று இரண்டு நாளில் கருகிவிட்டது.

அதன் பிறகு இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சில்லை. சரியாகச் சொன்னால், பேசாமல் இருந்தவன் நான்தான். தப்புச் செய்தவனுக்குத்தானே ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அவர் ஒரு பிரயோகத்தோடு வருவார், நான் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நடையைக் கட்டுவேன். ஊரில் யாராவது என்னைக் குறை சொன்னால், "அன்னைக்கு மப்புங்க. நேரந் தெரியல. அவரு என்னங்க பண்ணுவாரு?" என்று எனக்காகப் பரிந்து பேசுவார் என்பது காதில் விழும். விழ விழ எனக்கு எரிச்சல்தான் கூடிற்று.

கோமாரி நோயில் என் வலத்து மாடு செத்தது. இன்னொரு மாடு பிடிக்க வழியில்லாமல் இடிந்துபோய்க் கிடந்தேன். விடிந்து தோட்டத்துக்குப் போனால், என் முறையில் அவர் மாடுகள் பூட்டி நிற்கின்றன. "மனஸ்தாபம் நமக்குள்ளதானுங்க. பயிரு என்னங்க பண்ணுச்சு?" என்றார். மாட்டின் தும்புக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, "'டர்ன் ஓவர்'னா என்னங்க மாப்ளே?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "ஒப்படைக்கறதுங்க. ரெண்டு சாலு" என்றார். நான் அழுதுவிட்டேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

எங்கள் பக்கம் கருமாதி முடியும்வரை சாவு வீட்டார் மாடு பூட்டமாட்டார்கள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், என் முறை முடிந்த பிறகும் நான் மாட்டை அவிழ்க்கவில்லை. மடையை அவர் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டு ஓட்டினேன். அவர் சம்சாரம், எனக்குத் தங்கை முறை, வரப்பில் வந்து நின்றது. "ஏனுங்ணா, உங்களுக்கு எதுக்குங்க இந்தச் செரமம்?" என்று கேட்டது.

அவரிடம் சொல்ல முடியாமல் போனதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "மப்புப் போட்ட அன்னைக்கு உச்சி ஆனது எனக்குத் தெரியும் சாமி. தெனமும் அவுக்கற நேரம் வந்ததும் மாடு ரெண்டும் தானா நின்னுருச்சு. நாந்தான் அடிச்சு ஓட்டுனேன்."

அது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"அவருக்குந் தெரியுமுங்ணா. மாடு நின்னத, நீங்க சாட்டைய எடுத்தத, எல்லாம் பாத்துக்கிட்டுத்தான நின்னாரு. ஊட்டுக்கு வந்து என்ற கிட்டச் சொன்னாரு. வெளிய சொல்லிப்போடாத புள்ள, தெரிஞ்சா மாப்ளை தல குனிஞ்சு நடக்கோணும்னாருங்க."

இத்தனை வருஷம் நான் ஊருக்குள் நிமிர்ந்து நடந்தது அவர் தயவில். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த நிமிர்ந்த நடை ஒன்றுதான். அவரை அறிந்தவர்களே, அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இதை எழுதினேன். அன்று மப்பின் மேல் தப்பில்லை.