கமலத்துக்குப் பின்னால் நின்றவள்

படம் பிடித்துக் கொடுப்பதோடு போட்டோகிராபர் வேலை முடிந்தது. அந்தப் படத்தில் என்ன தெரிகிறது என்று முடிவு செய்வது ஊரார் வேலை. நாலு பேருக்கு நடுவில் கடை வைத்துப் பிழைக்கும் புண்ணியவான்களே, உங்களுக்கு இதை விளக்கவா வேண்டும்! பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்கு எதிரே நான் ஸ்டூடியோ நடத்திய காலத்துச் சங்கதி இது.

மழையில் காயாத பிளேட்

ரயில்வே பிட்டர் பொன்னுசாமி அண்ணன் தம் பெண் கமலத்தை அழைத்து வந்தார். கிள்ளானில் மாப்பிள்ளை வீடு. படம் மனசுக்குப் பிடித்தால்தான் பெண் பார்க்கவே வருவார்களாம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்ததால் மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்கென்று விடாத மழை. கழுவிய கண்ணாடி பிளேட் காயவே மாட்டேன் என்றது. படத்தை வாங்கிப் போக வந்த கல்யாணத் தரகர் வேறு, ரயிலுக்கு நேரமாச்சு என்று வாசலில் குடையோடு நின்றார். அவசரப்பட்டு பிளேட்டை அடுப்பருகே வைத்தேன். சூட்டில் மேல்பூச்சு இளகி வழிந்து, படத்தில் கமலத்தின் தோளுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு திட்டு விழுந்துவிட்டது. வேறு எடுக்கிறேன் என்றேன். பொன்னுசாமி அண்ணன் கேட்கவில்லை.

“பொண்ணு முகம் தெளிவா இருக்குல்ல? போதும் லா.”

சொன்ன பிறகு தெரிந்த மூக்கு

அந்த வாரமே பொன்னுசாமி அண்ணன் படத்தோடு திரும்பி வந்தார். மாப்பிள்ளையின் அத்தை அதைப் பார்த்ததும், “பின்னால தலைவிரி கோலமா நிக்கிறது யாரு?” என்றாராம். அவ்வளவுதான். அதுவரை ஒன்றையும் காணாத வீடு மொத்தத்துக்கும் அவள் தெரிய ஆரம்பித்துவிட்டாள்.

“வேற படம் எடுத்துத் தரேன் அண்ணே.”

“மறைக்கிறோம்னு சொல்லிடுவாங்க தம்பி. இதுவும் போச்சுன்னா யாரு வருவா? புள்ள சாப்பிடாம உக்காந்திருக்கா.” அவர் கண் கலங்கினார்.

படத்தை வாங்கிப் பார்த்தேன். அட கடவுளே! என் கையாலேயே கெடுத்த திட்டு. அதில் எனக்கே கூந்தலும் மூக்கும் தெரிகின்றன! கடையில் படங்களுக்கு மெருகேற்றும் டச்சிங் வேலை பார்க்கும் சூசை, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், எட்டிப் பார்த்தவுடன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

“மூக்குத்தி கூடப் போட்டிருக்கா அண்ணே!”

ரயிலில் பிடித்த மீன்

நேரில் போய் விளக்கிவிடலாம் என்று பொன்னுசாமி அண்ணனோடு கிள்ளான் ரயிலில் ஏறினேன். எதிரே வெறுங்கூடையோடு ஒரு மீன்கார அக்கா. எனக்கு ஒரு யோசனை. படத்தைக் காட்டி, “பின்னால மீன் மாதிரி தெரியுதா அக்கா?” என்று கேட்டேன். வாயில் வந்ததைக் கேட்டேன், வேறொன்றுமில்லை. அவர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“செனாங்கின் மீன்தான் தம்பி, நல்ல பெருசு! எந்தப் பாசார்ல வாங்கினீங்க?”

அத்தையின் நீதிமன்றம்

கிள்ளான் வீட்டுக் கூடத்தில் மழை, அடுப்பு, மேல்பூச்சு எல்லாவற்றையும் தொண்டை வறளச் சொன்னேன். அத்தை அசையவில்லை. “அடுப்புச் சூட்டுக்கு மூக்குத்தி எப்படிப்பா வந்துச்சு?” என்றார். சூசைக்கும் தெரிந்ததாயிற்றே.

கடைசியில் அத்தை படத்தை மாப்பிள்ளை கையில் திணித்தார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் சாதுவான பையன். “நீயே சொல்லுடா! பின்னால நிக்கிறவளப் பாத்தியா இல்லையா?” அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்குக் கொடுத்த தேத்தண்ணி ஆறிவிட்டது. பொன்னுசாமி அண்ணன் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அத்தை அதட்டியதும்தான் பையன் தலை நிமிர்ந்தான்.

“பின்னாலயா? நான் இன்னும் பொண்ணத் தாண்டி அங்க போகலையே அத்தை.”

கல்யாணப் படம்

வீடே சிரித்துவிட்டது, அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தமும் முடிவானது. கல்யாணப் படத்தை நான்தான் எடுத்தேன். அடுப்புப் பக்கமே போகாமல் ஆற அமரக் காயவைத்த பிளேட். ஒரு பொட்டுக் கறை கிடையாது. அத்தை மணமக்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் மூலைக்கு மூலை தேடினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். கடைசியில் பெருமூச்சு விட்டு என் தோளைத் தட்டினார்.

“பாத்தியா தம்பி, தாலி ஏறினதும் அவ போயிட்டா!”

அன்று முதல் யார் படம் வாங்க வந்தாலும் உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டு “படத்துல மகாலட்சுமி மாதிரி விழுந்திருக்கீங்க” என்று சொல்லிவிடுவது வழக்கமாயிற்று, கடைசிவரை ஒருத்தரும் மறுத்ததில்லை.