வேர்வை நின்ற மத்தியானம்

காரைக்குடி அரிசி மில்லில் பாய்லர் அடுப்புக்கு உமி தள்ளும் வேலைக்கு நான் போனது கண்மாய் வற்றிய வருஷம். வயலும் காய்ந்தது, வயிறும் காய்ந்தது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? முதலாளி ரங்கூனில் இருந்தார். எங்களுக்கு மேஸ்திரிதான் ராஜா.

அடுப்பு அறைக்கு ஒரே கதவு. அதையும் சாத்தியே வைப்பார்கள். காற்று புகுந்தால் பொறி பறந்து களத்து நெல்லில் விழுமாம். நெல் எரியக் கூடாது. ஆள் வெந்தால் பரவாயில்லை. நெருப்பு தணிந்தால் எந்திரம் நிற்கும் என்பதால், மூத்திரம் பெய்யப் போகவும் மாற்றாள் வரவேண்டும். மாற்றாள் என்று ஒருவனை நான் கண்டதே இல்லை.

முதலில் வேர்த்துக் கொட்டியது. வேட்டியைப் பிழிந்து பிழிந்து கட்டினேன். "போகப் போகப் பழகிரும்ப்பா. வேர்வை நின்னா நீ தேறிட்டேன்னு வச்சுக்க" என்றார் மேஸ்திரி. மில்லில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள், நானும்தான்.

சித்திரையில் ஒரு மத்தியானம் வேர்வை நின்றது. தொட்டுப் பார்த்தேன், தோல் வறட்டி மாதிரி காய்ந்திருந்தது. தேறிவிட்டேன் என்று ஒரு முட்டாள் சந்தோஷம்! எட்டிப் பார்த்த மேஸ்திரியிடம் கையை நீட்டிக் காட்டினேன். "பாத்தியா, நான் சொல்லல?" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அப்புறம் தலைக்குள் யாரோ உலக்கை போட்டு இடித்தார்கள். கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவிச் சுற்றினேன். பயத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

கண் விழித்தபோது வெளியே வேப்பமரத்தடியில் கிடந்தேன். களத்தில் நெல் உலர்த்தும் என் மனைவி, குடத்துத் தண்ணீரை என் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். உடம்பில் காற்றுப் பட்டது. தப்பித்தேன், இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்தேன்.

அப்போதுதான் புகைபோக்கியைப் பார்த்தேன். புகை வந்துகொண்டே இருந்தது.

"உள்ள யாரு புள்ள?"

அவள் குடத்தைச் சாய்த்து மிச்சத் தண்ணீரையும் ஊற்றினாள். மறுபடி கேட்டேன்.

"தம்பி. உங்களத் தூக்கியாந்தவன அப்படியே உள்ள நிக்கச் சொல்லிட்டாக."

அவள் தம்பி அங்கே மூட்டை சுமப்பவன். தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. நான் மரத்தைப் பிடித்து எழுந்தேன்.

"எங்குட்டுப் போறீக? இந்த உடம்போட போகாதீக!" என்று என் கையைப் பிடித்தவள், அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.