மண்டபத்தில் தொங்கிய சுக்கான்

எழுபதுகளில் ஒரு கலைக் கண்காட்சி. முதல் நாள் காலை ஒன்பதே கால். மாதா கோயில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்டது, கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிய ஒரு வள்ளத்துச் சுக்கான். அதைச் சுற்றி மிதப்புக் கட்டைகள், ஒற்றைச் செருப்புகள், நசுங்கிய அரிக்கன் லாம்பு. அந்த வருட மாரி மழை முடிந்த கையோடு, துறைமுகக் கரையில் ஒதுங்கியவற்றைப் பொறுக்கி வந்து என் நண்பன் கட்டியிருந்தான். கலை என்றான். எதிர்ச் சுவரில் நான் இரண்டு வருடமாகத் தீட்டிய துறைமுகப் படங்கள் பத்து இருந்தன.

சற்று நேரத்தில், கிண்ணியாவிலிருந்து வந்த, வயதில் மூத்த முஸ்லிம் மீனவர் ஒருவர் சுக்கானைத் தடவிப் பார்த்தார்.

“தம்பி, இது எங்கட வள்ளத்துச் சாமான்.”

“அப்ப கழட்டிக் கொண்டு போங்கோ, காக்கா” என்றான் நண்பன்.

“வலையும் கிடக்கா?”

“அது இன்னும் கரைக்கு வரேல்ல. வந்தால் அதையும் தொங்கவிடுறன்.”

மண்டபமே சிரித்தது. கதை பரவி, மூன்று நாளும் ஆட்கள் தங்கள் பொருளைத் தேடி வந்து எடுத்துப் போனார்கள். அவன் வெறும் கயிறுகளை அப்படியே விட்டுவைத்தான். அவற்றையும் நின்று பார்த்தார்கள். என் படங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற ஆசிரியை ஒருவர் என்னிடம், “கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. இஞ்சயிருந்துதான் முழுக்கத் தெரியுது” என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. என் படமொன்றை யாரும் தன்னுடையது என்று கேட்டதில்லை.

பத்திரிகைக்கு அந்தக் கண்காட்சிச் செய்தியை எழுதும் வேலை என்னுடையது. பங்குபற்றிய ஏழு பேரில் என்னையும் சேர்த்து ஆறு பேரைப் பற்றி எழுதி, மூன்றாம் நாள் பின்னேரத் தபாலில் அனுப்பினேன்.