கேட்காத பூங்கொத்திகள்

ஏரியூர்ப் பக்கத்துக் காட்டில் அன்று காலை நடையை முடித்துவிட்டு, "இன்னைக்கும் பூங்கொத்திக் குருவி இல்ல. இந்தக் காட்ட விட்டே போயிடுச்சுன்னு அறிக்கையில எழுதிட வேண்டியதுதான்" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற வனத்துறை வாட்சர் அக்கா நோட்டை மூடினார். கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பறவைக் கணக்கெடுப்பில் நாங்கள் இருவரும் ஜோடி. நேர்கோட்டில் நடந்து, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எவ்வளவு தூரத்தில் என்று நான் சொல்வேன், அவர் எழுதுவார். எழுதுபவர் வாயே திறக்கக் கூடாது, இரண்டு பேர் காது கலந்தால் கணக்கு கெட்டுவிடும் என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தேன். வாத்தியார் தோரணை எனக்குக் கொஞ்சம் அதிகம். அவரும் தும்மலைக்கூட துண்டில் அடக்கிக்கொள்வார். மூன்று வருஷத்தில் மயிலும் செம்போத்தும் குறையவில்லை. மெல்லிய குரல்காரர்களான பூங்கொத்தியும் மின்சிட்டும் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. மழை பொய்த்ததைச் சொன்னேன், வெயிலைச் சொன்னேன். என் காதை மட்டும் சொல்லவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றார் அக்கா. "குருவி எங்கியும் போவலீங்க. இப்பக்கூட அந்த வாக மரத்துலதான் கத்திக்கிட்டு கெடக்குது. உங்களுக்குத்தான் கேக்கலீங்க."

"மூணு வருஷமா ஏன்க்கா சொல்லல?"

"வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க. அப்புறம்... காது கேக்கலன்னு தெரிஞ்சா உங்களக் காட்டுக்கு அனுப்பமாட்டாங்களேன்னு இருந்துச்சுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விறுவிறுவென்று ஜீப்புக்கு நடந்தேன். மறுநாள் தருமபுரியில் காது டாக்டர் அதையேதான் சொன்னார்: மெல்லிய கீச்சொலிகள் போய்விட்டன, மற்றவை இருக்கின்றன. மூன்று வருஷக் கணக்கில் குறைந்தது பறவையல்ல, என் செவிதான் என்று அறிக்கையில் எழுதினேன். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வேலை பறவைக்குக் காது கொடுப்பதுதான்.

வேலை போகவில்லை, இடம்தான் மாறியது. இப்போது அக்கா சொல்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு எழுதுகிறேன். போன மாதம் நடை முடிந்ததும் மனசு கேட்காமல், "பூங்கொத்தி எப்படிக்கா கத்துது?" என்று கேட்டேன். உதட்டைக் குவித்துச் செய்து காட்டினார். எனக்குக் காற்றுகூடக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தவர், குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, மெதுவாக, மறுபடியும் செய்தார். எந்தப் பூங்கொத்தியும் அப்படிக் கத்தாது. இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டேன்.