பெற்றோல் டாங்கியோடு பிடிபட்டவர்

போருக்கு முந்திய மோட்டார் சைக்கிள் என்று நான் சொன்னால், எந்தப் போருக்கு என்று இளசுகள் கேட்கிறார்கள். வெள்ளைக்காரனின் இரண்டாவது பெரிய போருக்கு. அந்தக் காலத்து வண்டிகளை நான் திருத்தியது எங்களுடைய போர் நடந்துகொண்டிருந்த வருடங்களில், வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில்.

இப்போதைய வண்டிகளில் வேகம் காட்டும் மானி கைபிடிக்கு நடுவில் நிற்கும். அந்தப் பழைய வண்டிகள் சிலவற்றில் அது பெற்றோல் டாங்கியின் முதுகிலேயே பதிந்திருக்கும். ஸ்பீடோமீற்றர், மின்சாரம் காட்டும் அம்மீற்றர், விளக்குச் சுவிட்ச் எல்லாம் ஒரே தகட்டில். அந்தத் தகடு டாங்கியின் குழிக்குள். அடியிலிருந்து வயர்கள் தொங்கும். நான் அடிப்படையில் மணிக்கூடு திருத்துகிறவன். ஊசியை நிமிர்த்துவதும் மங்கிப்போன இலக்கங்களை மெல்லிய தூரிகையால் திரும்ப எழுதுவதும் என் வேலை. டாங்கி எனக்குச் சரிவராது. அதைச் செய்தவர் வேறொருவர்.

அவருக்கு ஜிந்துப்பிட்டியில் ஒரு டிங்கரிங் கடையின் பின்பக்கம் கொஞ்சம் இடம் இருந்தது. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்புக்கு வந்து தொழில் பழகியவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். டாங்கிக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்ப்பார். ஈயம் வைத்து ஒட்டுமுன் தண்ணீரால் நிரப்புவார், உள்ளே நின்ற பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளாமலிருக்க. வேலை முடியும்வரை வாய் ஓயாது. எனக்கு அது எரிச்சல். சில நேரம் வானொலியைக் கூட்டி வைப்பேன். அவர் அதைவிடச் சத்தமாகக் கதைப்பார்.

பெயின்ற் அடிக்குமுன் தகட்டை டாங்கியில் இருத்திப் பார்த்தே ஆக வேண்டும். கொஞ்சம் இடறினாலும் வண்டி ஓடும்போது தகடு அதிர்ந்து டாங்கியில் வெடிப்பு விழும். அதனால் இருவரில் ஒருவர் மற்றவரிடம் போக வேண்டும். எப்போதும் வந்தவர் அவர்தான். வழியெங்கும் சோதனைச் சாவடிகள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. அவருடையதில் பதுளை.

"நீர் வாரும். உம்மை மறிச்சாலும் விட்டிடுவாங்கள்" என்று முதல் நாளே சொன்னேன்.

"சரிங்கண்ணே. நம்ம மூஞ்சியப் பாத்து எவன் பயப்படப் போறான்?" என்று சிரித்தார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் தொழிலில் அநேகமாக எல்லாரும் செய்வதுதான்: டாங்கி செய்கிறவரை வாடிக்கையாளர் கண்ணில் காட்டக்கூடாது. காட்டினால் அடுத்த தடவை நேரே அவரிடம் போய்விடுவார்கள். இதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன். "யார் கேட்டாலும் என்னைத் தெரியாது எண்டு சொல்லும்." அவர் அதையும் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார். கடையில் இருக்கும்போது யாராவது வந்தால், திருத்தக் கொடுத்ததை வாங்க வந்தவர் போல எழுந்து நின்று, "நம்ம கடிகாரம் ரெடியாங்க?" என்று கேட்பார். "நாளைக்கு வாரும்" என்பேன். ஆள் போனதும் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அந்த நாடகத்தை அதிகம் பார்த்தவர் ஒரு சிங்களப் பெரியவர். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். சிங்களத்தில் ஐயா என்பது போல, மஹத்தயா என்றுதான் நாங்கள் அவரைக் குறிப்பிடுவோம். தகப்பன் ஓடிய வண்டியை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அடிக்கடி வந்து மானிகளைத் தொட்டுப் பார்ப்பார். அவர் வந்த போதெல்லாம் டாங்கி செய்கிறவர் கடிகாரம் கேட்டார்.

அந்த வண்டியின் டாங்கியோடுதான் அவரைப் பிடித்தார்கள். தகட்டைப் பொருத்திப் பார்த்துவிட்டு, கடைசி ஒட்டுவேலைக்காகத் திரும்பக் கொண்டுபோனார். வயர்களைக் கழற்றினால் பிறகு குழம்பும் என்று அப்படியே விடச் சொன்னது நான். அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். கோட்டைக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிச் சாக்கை அவிழ்த்தபோது, பெற்றோல் மணக்கும் ஒரு டாங்கியும், அதன் மேல் மணிக்கூடு போன்ற ஒன்றும், தொங்கும் வயர்களும் இருந்தன. பஸ்களில் குண்டு வெடித்த அந்த நாட்களில் அதைக் கண்டு எந்தப் பொலிஸ்காரன் சும்மா இருப்பான்? அதை நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு வயர் குழம்பாமல் இருந்தால் போதும்.

செய்தி கொண்டுவந்தது அவருடைய மனைவி. கடை வாசலில் செருப்போடு நின்றபடியே, "அவர புடிச்சிட்டாங்கண்ணே. டாங்கி யாருதுன்னு கேட்டதுக்கு, பழைய இரும்புக் கடையில வாங்குனேன்னு சொல்லியிருக்காரு. ஒங்க பேரச் சொல்லவே இல்லையாம்" என்றார்.

தனியே பொலிஸுக்குப் போக எனக்குத் துணிவில்லை. மஹத்தயாவிடம் ஓடினேன். நல்ல மனிதர், மறுபேச்சில்லாமல் காரை எடுத்தார். பொலிஸ் நிலையத்தில் மேசைமேல் இருந்த டாங்கியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "இது என் அப்பாவின் வண்டியுடையது. இவரிடம் திருத்தக் கொடுத்தேன்" என்று என்னைக் காட்டினார். பெரிய மனிதர் சொன்னதும் இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

பிறகு டாங்கி செய்கிறவரை உள்ளிருந்து கூட்டி வந்தார்கள். கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டார். கண்டதும், கடையில் வாடிக்கையாளர் வந்தால் திருப்புவது போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவனைத் தெரியுமா?" என்று இன்ஸ்பெக்டர் மஹத்தயாவிடம் சிங்களத்தில் கேட்டார்.

மஹத்தயா உற்றுப் பார்த்தார். எப்படியாவது உதவ வேண்டும் என்ற எண்ணம் அவர் முகத்தில் தெரிந்தது. "தெரியும், தெரியும். பாவம், அப்பாவி. இவருடைய கடைக்குக் கடிகாரம் திருத்தக் கொடுக்க வருகிறவர். எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்."

"எத்தனையோ தடவையா? இவனிடம் எத்தனை கடிகாரம் இருக்கிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். இவர் என்னுடைய ஆள், டாங்கி செய்கிறவர், கடிகாரம் என்று எதுவுமே இல்லை, அது சும்மா ஒரு பகிடி. என் சிங்களத்தில் அது பகிடியாகக் கேட்கவில்லை. ஒருவன் இரும்புக் கடை என்கிறான், இன்னொருவர் கடிகாரம் என்கிறார், மூன்றாமவன் அதெல்லாம் பொய் என்கிறான். இன்ஸ்பெக்டர் என் அடையாள அட்டையைக் கேட்டார். பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மஹத்தயா எனக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தெரிந்தவன் நான். டாங்கி செய்கிறவரைத் தெரியாது, அவருக்காக எப்படிப் போடுவார்? அது ஞாயம்தான். டாங்கி காரின் பின் இருக்கையில் ஏறியது. நானும் ஏறினேன். அவர் மட்டும் அங்கேயே நின்றார்.

மாதக்கணக்காக வைத்திருந்தார்கள். புதுக்கடைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் நாட்களில் அவருடைய மனைவியோடு நானும் போய் நின்றேன். அந்தப் பெண் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில் குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். வெளியே வந்தவர் பாதியாக இருந்தார். என்னிடம் முதலில் கேட்டது, "அந்த வயரு கொழம்பலையேண்ணே?" என்றுதான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு வரும்.

அதற்குப் பிறகு டாங்கிகளை நானே ஜிந்துப்பிட்டிக்குச் சுமந்தேன், வயர்களைக் கழற்றிவிட்டு. அவர் வேலையைக் குறைவில்லாமல் செய்தார். ஆனால் கதைக்க மாட்டார். நானாக எதையாவது தொடங்குவேன், "ம்" என்பார். அந்தப் பழைய அலட்டலுக்கு நான் ஏங்கினேன்.

மஹத்தயாவின் வண்டி ஒரு வழியாக முடிந்தது. முதல் ஓட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார். நான் டாங்கி செய்தவரையும் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். வண்டி முற்றத்தில் முழங்கியது, அம்மீற்றரின் ஊசி மெல்ல எழுந்தது. மஹத்தயா கறுத்து மினுங்கிய டாங்கியைத் தடவிக்கொண்டே இருந்தார். பொலிஸில் கண்ட முகம் அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. நான் என் பின்னால் நின்றவரை முன்னே தள்ளி, "டாங்கி முழுக்க இவருடைய கைவேலை. தொடக்கத்திலிருந்து இவர்தான்" என்றேன். சொல்லும்போதே எவ்வளவு லேசான வசனம் இது என்று தோன்றியது.

மஹத்தயா மகிழ்ச்சியோடு கையை நீட்டினார். "நம மொகத்த, மல்லி?" என்று, தம்பி என அழைத்துப் பெயரைக் கேட்டார்.

அவர் கையைக் கொடுத்தார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார், சொல்லலாமா என்று. நான் தலையாட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகுதான் சொன்னார்.