ராயம்மாளின் தொண்டை

மொரப்பூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய சின்னப்பருக்கு நாலு பெண்கள். மூன்றாமவள் ராயம்மாள். சின்னப்பரின் தங்கை மகன் சவரிக்கே அவளைக் கொடுத்தார்கள். சவரி கொத்துவேலைக்காரர். ராயம்மாள் இரண்டு பஸ் மாறி, காரிமங்கலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக ஒண்ணாம் வகுப்பு எடுக்கிறாள்.

இந்தத் தை மாதம் பள்ளியில் புதுச் சட்டம் வந்தது. ஒண்ணாம் வகுப்புக்கு இனி ஆங்கில எழுத்தை ஒலியாகத்தான் சொல்லித்தர வேண்டும். சனிக்கிழமை பரீட்சை. தேறாத டீச்சர் வகுப்பை விட்டுவிட்டு வேனில் போய்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டியதுதான். ராயம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. வேன் படி ஏறி இறங்க அவள் முட்டி ஒரு மாசம்கூடத் தாங்காது.

சொல்லித்தர தருமபுரியிலிருந்து மாதவராஜ் என்ற இளைஞர் வந்தார்.

"எழுத்தோட பேரை மறந்துடுங்க மிஸ். காத்தை வாயில எந்த எடத்துல தடுக்கறோம், எப்படி வெளிய விடறோம், தொண்டை அதிருதா இல்லையா, இந்த மூணும்தான் கணக்கு."

உதடு இரண்டும் மூடித் திறந்தால் 'பென்', 'பேக்'. மேல்பல் கீழுதட்டைத் தொட்டு, காற்று உரசிக்கொண்டு போனால் 'ஃபேன்', 'வேன்'. வாயை அடைத்து மூக்கு வழியாக விட்டால் 'மேன்'. ஃபேனுக்கு முதல் ஒலியில் தொண்டை சும்மா இருக்கும். வேனுக்கு வண்டு மாதிரி ரீங்காரமிடும். கை வைத்தால் தெரியும். 'பென்' சொல்லும்போது உதட்டுக்கு முன்னால் பிடித்த காகிதம் ஆட வேண்டும். நம் பேனாவைச் சொல்வதுபோல் மெத்தென்று சொன்னால் ஆடாது.

மாதவராஜ் கொடுத்த மெல்லிய காகிதம் அன்றே குழம்பில் விழுந்துவிட்டது. ராயம்மாள் பழைய காலண்டர் அட்டையில் ஒரு துண்டு கத்தரித்துக்கொண்டாள். விடியக்காலம் களி கிண்டும்போது ஒரு கையில் துடுப்பு, ஒரு கை தொண்டையில். நடுநடுவே துடுப்பை விட்டுவிட்டு அட்டையைப் பிடித்து ஊதுவாள். அட்டை அசையவே இல்லை. நாலு நாளும் அதே கதைதான்.

சவரி பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னாடி, முள்ளு கிள்ளு மாட்டிக்கிச்சா?"

"பாடம்."

"பாடமாம். நேத்து பஸ்ஸுல தொண்டையப் புடிச்சிக்கிட்டு முனகுனியாமே. பால்காரரு சென்னப்பன் கேக்குறாரு, வூட்ல ஒடம்பு செரியில்லையான்னு."

விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. மறுநாள் தொண்டை நோய்க்குக் காவலான புனிதரின் திருநாள். மாதா கோவிலில் சாமியார் இரண்டு மெழுகுவர்த்தியைப் பெருக்கல் குறிபோலக் கழுத்தில் வைத்து மந்திரிப்பார். சவரி அவளை விடியலிலேயே எழுப்பி வரிசையில் நிறுத்திவிட்டார். அவள் முறை வந்ததும் முந்திக்கொண்டார்.

"சாமி, இவளுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வையுங்க. நாலு நாளா தொண்டையப் புடிச்சிக்கிட்டே திரியுறா."

"டாக்டரைப் பாத்தியாம்மா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்குதுங்க சாமி. அதிருதான்னுதான் தொட்டுப் பாக்குறேன்."

பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் சிரித்துவிட்டாள். சவரி முகம் தொங்கிப்போனது. சாமியாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வர்த்தியை எடுக்காமல் இன்னொரு ஜெபமும் சொன்னார்.

சனிக்கிழமை தலைமையாசிரியை அம்பிகா முன்னால் ராயம்மாள் நின்றாள். ஃபேன், வேன், மேன் எல்லாம் சரி. கடைசியில் மாதவராஜ் காகிதத்தை உதட்டருகே பிடித்தார். அவள் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி 'பென்' என்றாள். காகிதம் அவர் விரலை விட்டுப் பறந்து அம்பிகாவின் மேசையில் விழுந்தது.

"எதுல மிஸ் பழகுனீங்க?"

"காலண்டர் அட்டையிலங்க சார்."

"அட்டை எங்கயாச்சும் ஆடுமா மிஸ்!"

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

சவரி கேட்டார், "ஒண்ணாங் கெளாசு உனக்குத்தானா?"

"எனக்குத்தான். மத்த டீச்சருங்களுக்கும் நானே பழக்கணுமாம். தெனமும் பள்ளிக்கூடம் விட்டதுக்கப்புறம் ஒரு மணி நேரம்."

சொல்லிவிட்டுக் கழுத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"பாடமா?"

"இல்ல. இப்பத்தான் நெசமா வலிக்குது. வெந்நி வைக்கிறீங்களா?"