அம்மன் கொடுத்த கால்

நான் பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மூன்று முறை நீவிவிட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கால் என்னுடையது இல்லை, ஊர் அம்மனுடையது. அதனால் காசு வாங்கக் கூடாது, கேட்டு வந்தவரை இல்லை என்று அனுப்பவும் கூடாது. அனுப்பினால் கொடுத்தவளே எடுத்துக்கொள்வாள். ஒரகடத்தில் கம்பெனிகள் வந்த பிறகு எனக்கு ஓய்வே கிடையாது. ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கெல்லாம் கழுத்தோ இடுப்போ பிடித்துக்கொண்டிருக்கும். நானும் கம்பெனி வேலைக்குப் போய் வருகிறவள்தானே! சோறு வடிக்க விடமாட்டார்கள். திட்டிக்கொண்டேதான் மிதிப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பெண் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாள். கூட இருந்தவர்கள் தாங்கிக்கொண்டு வந்து என் வாசலில் உட்கார வைத்தார்கள்.

"எக்கா, சுளுக்குதான். சட்டுன்னு மிதிங்க. ராத்திரி ஷிப்டுக்குப் போணும்."

மாதக் கடைசியில் அவளுக்குப் பயிற்சி முடிகிறது. அதுவரை லீவு போடாதவர்களைத்தான் வேலைக்கு எடுப்பார்கள் என்று பேச்சு.

மஞ்சள் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு வந்தேன். வீங்கிய கணுக்காலில் என் பாதம் பட்டும் படாமலும் இருக்கும்போதே அலறினாள். சுளுக்குக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், இப்படி அலற மாட்டார்கள். எலும்பாக இருந்தால்? மிதித்து நொறுக்கிவிட்டால்? மாட்டேன் என்றால் அம்மன் சும்மா விடுவாளா? தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒற்றைக்காலில் நின்றேன்.

"என்னக்கா யோசிக்கிய?"

தாயே, எனக்குச் சுளுக்கைத்தானே கொடுத்தாய், எலும்பைக் கொடுக்கவில்லையே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு காலைத் தரையில் வைத்தேன்.

"இது சுளுக்கு இல்லடி. ஆட்டோ கூப்புடறேன், படப்பை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிடலாம்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா கட்டுப் போட்டுருவாவ. வேலை போயிரும்லா! மிதிங்கக்கா!" என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வேலை போனா வேற வேலை கீதுடி. காலு போனா நானா தர முடியும்?" என்று கத்தினேன். பயத்தில் கத்தியதுதான்.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். கம்பெனியில் அவளை எடுக்கவில்லை. "நீங்க மிதிச்சிருந்தா சரியாயிருக்கும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் மிதிக்க மாட்டேன் என்றது ஊருக்குள் பரவியதோ என்னவோ, அதற்குப் பிறகு சுளுக்கென்று யாரும் என் வாசலுக்கு வரவில்லை. நான் கோயில் பக்கம் முகத்தைத் திருப்பாமலேயே வேலைக்குப் போய் வந்தேன். கொடுத்ததை அம்மன் எடுத்துக்கொண்டுவிட்டாளோ என்ற நினைப்பில் சோறு இறங்கவில்லை. யாராவது வந்தால்தான் தெரியும். யாராவது வந்துவிடுவார்களோ என்றும் பயமாக இருந்தது.

கட்டுப் பிரித்து ஊருக்குக் கிளம்புகிற அன்று, பெட்டியை மாடியிலிருந்து அவளே இறக்கினாள், பிடிவாதக்காரி. கடைசிப் படியில் குனிந்தவள் நிமிர முடியாமல் நின்றுவிட்டாள். இடுப்புப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் வாசலில் குப்புறப் படுத்தாள்.

காலைக் கழுவிக்கொண்டு வந்தேன். தூக்கிய காலை அவள் இடுப்புக்கு மேலேயே நிறுத்திக்கொண்டேன்.

"எங்கிட்டேருந்து அது போயிருந்தா இன்னாடி பண்றது?" என்றேன்.

அவள் தலையைத் திருப்பவில்லை.

"அது அம்மன் பாடு. நீங்க காலை வைங்க, எக்கா."

வைத்தேன்.